புது டிஸ்க் போட்டும் பெடல் துடிக்கிறதா?

பழைய பிக்கப்பில் பிரேக் மிதித்தால் பெடல் காலைத் தள்ளுகிறது. புது டிஸ்க், புது பேடு போட்டும் சில மாதத்தில் அதே துடிப்பு. தயவுசெய்து அடுத்த செட் டிஸ்க்கை இப்போதே வாங்காதீர்கள்.

முன்னாலா பின்னாலா என்று முதலில் பாருங்கள். ஆளில்லாத நேர் ரோட்டில் 30 கி.மீ. வேகத்தில், பட்டனை அழுத்திப் பிடித்தபடியே ஹேண்ட்பிரேக்கை மெல்ல இழுங்கள். அப்போதும் துடித்தால் பின் டிரம் வட்டம் கெட்டிருக்கிறது. கால் பிரேக்கில் ஸ்டியரிங்கும் ஆடினால் முன் டிஸ்க்.

டிஸ்க் வளைந்துவிட்டது என்பார்கள். பெரும்பாலும் வளைவு இல்லை, தடிமன்தான் இடத்துக்கு இடம் மாறியிருக்கும். 0.02 மி.மீ. வித்தியாசமே காலுக்குத் தெரியும். மைக்ரோமீட்டரில் சுற்றிலும் எட்டு இடம் அளங்கள்.

அதற்கு வேர் பல வண்டிகளில் ஹப் (டிஸ்க்கும் வீலும் மாட்டும் நடுப்பாகம்) முகத்துத் துரு. துருவின் மேல் மாட்டிய டிஸ்க் துளி சாய்ந்து நிற்கும். பிரேக் பிடிக்காதபோதும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடம் பேடில் உரசித் தேயும். மாட்டிய அன்று நன்றாக இருந்து, சில ஆயிரம் கி.மீ. கழித்துத் துடிப்பது இதனால்தான்.

வீல் பேரிங் ஆட்டம் இல்லை என்று உறுதி செய்துவிட்டு, ஹப்பை வயர் பிரஷ்ஷால் வெறும் இரும்பு தெரியும்வரை தேயுங்கள். டிஸ்க்கை நட் போட்டு இறுக்கி, ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜை அதன் முகத்தில் வைத்துச் சுற்றுங்கள். ஆட்டம் 0.05 மி.மீ.க்குள் நின்றால் நல்லது. மிஞ்சினால் டிஸ்க்கை ஒரு போல்ட் தள்ளித் திருப்பி மாட்டி மறுபடி அளங்கள். வீல் நட்டை ஏர் கன்னால் அடிக்காமல், டார்க் ரெஞ்சில் (குறித்த அளவு இறுக்கம் காட்டும் ஸ்பேனர்) எதிரெதிராக இறுக்குங்கள். பேடை அழுத்தும் கேலிப்பர் நகரும் பின் (pin) இறுகியிருந்தால் அதற்குரிய கிரீஸும் வேண்டும்.