ஹெட்ஸ்டாக்கில் என்ன பேர்?

பாளையங்கோட்டையிலோ நாசரேத்திலோ ஒரு சர்ச் பாடகர் குழுவின் ஒத்திகைக்குப் போங்கள். இல்லையென்றால் கொடை விழாவுக்கு வரும் இன்னிசைக் குழுவின் மேடைக்குப் பின்னால் கொஞ்ச நேரம் நில்லுங்கள். புதிதாக ஒரு பேஸ் கிட்டாரை (கீழ் ஸ்தாயிச் சுரங்களை வாசிக்கும் கிட்டார்) உறையிலிருந்து எடுத்தால் எல்லார் கண்ணும் முதலில், கம்பெனிப் பெயர் எழுதியிருக்கும் மேல்முனையான ஹெட்ஸ்டாக்குக்குத்தான் போகும். பெரிய அமெரிக்கக் கம்பெனியான ஃபெண்டர் என்று இருந்தால், "கொண்டால, ஒரு தடவ வாசிச்சுப் பாக்கேன்." அதன் விலை குறைந்த பிராண்டான ஸ்குயர் என்று இருந்தால், "பரவால்ல, பொறவு மாத்திக்கிடலாம்." பேர் தெரியாத கம்பெனி என்றால் ஒன்றும் சொல்லாமல் திரும்பிக்கொள்வார்கள். அந்த மௌனம் பதினாறு வயதுப் பையனை எப்படிச் சுருங்க வைக்கும் என்று யாரும் நினைப்பதில்லை. இவ்வளவுக்கும் ஒரு ஸ்ட்ரிங்கைக்கூட யாரும் தட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இந்தப் பழக்கம் போக வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். நல்ல கருவி தேவையில்லை என்று சொல்ல வரவில்லை. காசு எங்கே சத்தமாக மாறுகிறது, எங்கே வெறும் பெயராக நின்றுவிடுகிறது என்பதைப் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும்.

முதலில் அந்தப் பெயரையே பார்ப்போம். லியோ ஃபெண்டர் 1951இல் பிரிசிஷன் பேஸைக் கொண்டுவந்தார். நெக்கில், அதாவது கிட்டாரின் கழுத்தில், குறுக்கே பதித்த உலோகக் கம்பியான ஃப்ரெட் இருப்பதால் சுருதி துல்லியமாக விழும், அதனால் அந்தப் பெயர். 1957இல், ஸ்ட்ரிங்கின் அதிர்வை மின்சிக்னலாக மாற்றும் பிக்கப்பை இரண்டு துண்டாக்கினார்கள். 1960இல் ஜாஸ் பேஸ் வந்தது. 1965இல் அவர் கம்பெனியை சி.பி.எஸ். என்ற அமெரிக்க ஒலிபரப்பு நிறுவனத்துக்கு விற்றுவிட்டார். 1976இல் மியூசிக் மேன் கம்பெனியிலிருந்து வந்த ஸ்டிங்ரே பேஸிலும் அவருடைய உழைப்பு உண்டு. அதற்கும் பிறகு ஜி அண்ட் எல் என்ற கம்பெனியைத் தொடங்கினார். ஆக, ஃபெண்டரா மியூசிக் மேனா என்று கட்சி கட்டிச் சண்டை போடுகிறவர்கள், ஒரே மனிதர் இருவேறு வயதில் செய்த வேலைக்காகச் சண்டை போடுகிறார்கள். ஸ்குயர் என்ற பெயரில் 1982 முதல் கருவி விற்பதும் ஃபெண்டர்தான். இந்தோனேசியாவில் கார்ட் நிறுவனத்தின் தொழிற்சாலையிலிருந்து கார்ட் பெயரிலும் கருவி வருகிறது, இன்னொரு பிராண்டான ஐபனீஸ் பெயரிலும் வருகிறது.

அமெரிக்காவின் மோடவுன் ரெக்கார்டு கம்பெனிப் பாட்டுகளில் பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் பெரும்பாலும் வாசித்தது 1962ஆம் வருடத்து பிரிசிஷன் பேஸ். அதைக் கேட்டுவிட்டு "ஃபெண்டர் சவுண்டு" என்கிறோம். அவர் போட்டிருந்தது லா பெல்லா கம்பெனியின் ஃபிளாட்வவுண்டு (மேல்சுற்று தட்டையான) ஸ்ட்ரிங். அறுந்தால் ஒழிய மாற்ற மாட்டார். ஸ்ட்ரிங்குகளைப் பாடியில் தாங்கும் பிரிட்ஜின் மூடிக்கு அடியில், அதிர்வை அடக்க ஸ்பாஞ்சு. பெரும்பாலும் ஒரே விரல். அதே மாடலில் புது ரவுண்டுவவுண்டு (மேல்சுற்று உருண்டையான) ஸ்ட்ரிங் போட்டு வாசித்தால் அந்தச் சத்தத்தின் வாசனைகூட வராது. நம் ஊர்க் காதுக்கு பேஸை அறிமுகம் செய்தவை இளையராஜாவின் பாட்டுகள். அவற்றில் வாசித்த சசிதரனையும், ரஹ்மானிடம் வாசித்த கீத் பீட்டர்ஸையும் விரல் விரலாகப் படித்தவர்கள் நெல்லையிலும் தூத்துக்குடியிலும் நிறைய உண்டு. அவர்கள் காதால் கேட்டுப் பிடித்தது எந்தச் சுரத்தில் நிற்பது, எங்கே விடுவது, எவ்வளவு நீளம் பிடிப்பது என்பதைத்தான்.

இப்போது மேடைக்கு வருவோம். "சாதா பேஸ் மந்தமா இருக்கு, ஆக்டிவ் பேஸ்னா பளிச்சுனு இருக்கு, அதான் கம்பெனி பேஸ்" என்ற முடிவுக்கு நம் பக்கம் பாதிப் பேர் வந்திருக்கிறார்கள். அவர்கள் கேட்டது உண்மை, காரணம்தான் வேறு. இங்கே பெரும்பாலும் பேஸுக்குத் தனி ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) கிடையாது. பேஸிலிருந்து வரும் கேபிளை நேரே மைக் செட் மிக்ஸரில் சொருகிவிடுகிறோம். பேட்டரி இல்லாத சாதா பேஸின் பிக்கப் ஊற்று குறைந்த கிணறு மாதிரி. அது 5 லட்சம் முதல் 10 லட்சம் ஓம் இம்பீடன்ஸ் (மின்தடுப்பு) உள்ள இன்புட்டை எதிர்பார்க்கிறது. மிக்ஸரின் லைன் இன்புட் சுமார் 10 ஆயிரம் ஓம்தான். மைக் இன்புட் அதிலும் குறைவு, இரண்டாயிரம் சொச்சம். ஊற்று குறைந்த கிணற்றில் அஞ்சு எச்.பி. மோட்டாரைப் போட்டு இழுத்த கதைதான். பிக்கப்பின் சொந்த ரெசிஸ்டன்ஸே ஏறக்குறைய 10 ஆயிரம் ஓம் என்பதால் லைன் இன்புட்டிலேயே சிக்னல் பாதியாகிவிடும். மேல் ஸ்தாயிக் கூர்மை அதைவிட அதிகமாகச் சாகும். ஆக்டிவ் பேஸுக்குள் 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் சிக்னலுக்கு வலுக் கொடுக்கும் சின்ன ப்ரீஆம்ப் இருக்கிறது. அது எந்த மிக்ஸருக்கும் தாக்குப்பிடிக்கும். அவ்வளவுதான் வித்தியாசம்.

இதற்கு மருந்து ஒரு ஆக்டிவ் டி.ஐ. பாக்ஸ், அதாவது பேஸின் சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் சின்னப் பெட்டி. பேஸ் கேபிளை அதில் சொருகி, அதிலிருந்து மூணு பின் மைக் கேபிளில் மிக்ஸருக்குக் கொண்டுபோக வேண்டும். மிக்ஸரில், மைக் கேபிள் வழியாகவே கரண்டு கொடுக்கும் 48 வோல்ட் பேண்டம் சுவிட்ச் இருந்தால் டி.ஐ.க்கு பேட்டரியும் வேண்டாம். ஆனால் அந்தச் சேனலின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரைக் கீழே இறக்கிவிட்டுத்தான் சுவிட்சைப் போட வேண்டும், இல்லையென்றால் ஸ்பீக்கர் பாக்ஸில் 'டப்'பென்று இடி விழும். பேஸுக்கும் டி.ஐ.க்கும் நடுவே கேபிள் ஆறு மீட்டருக்குள் இருக்கட்டும். கிட்டார் கேபிளில் மீட்டருக்கு 100 பிகோஃபேரட் அளவுக்கு கெப்பாசிட்டன்ஸ் சேரும், அது கூர்மையைத் தின்னும். பதினைந்து மீட்டர் இழுத்தால் டோன் நாபைக் கொஞ்சம் மூடிய மாதிரிதான். டி.ஐ.க்கு அப்புறம் எவ்வளவு தூரம் போனாலும் கவலையில்லை. இதைச் செய்துவிட்டு அதே "மந்தமான" பேஸைக் கேளுங்கள்.

அடுத்தது, கூட்டம் எதைக் கேட்கிறது? எந்த ஃப்ரெட்டிலும் அழுத்தாத, தடித்த ஈ ஸ்ட்ரிங்கின் அடிப்படை அதிர்வு 41 ஹெர்ட்ஸ். கோயில் வாசலில் கட்டும் குழாய் ஸ்பீக்கரில் அது வரவே வராது. சின்ன பாக்ஸ்களும் 60, 70 ஹெர்ட்ஸுக்குக் கீழே திணறும். ஜனங்கள் கேட்பது 82, 123 ஹெர்ட்ஸ் என்று மேலே அடுக்கும் அதிர்வுகளை. அடிச் சுரத்தை அவர்கள் காதே இட்டு நிரப்பிக்கொள்கிறது. அதனால் மைக் செட் அண்ணாச்சியிடம் "அண்ணாச்சி, பேஸை ஏத்துங்க" என்று மட்டும் கேட்காதீர்கள். 40க்குக் கீழே வெட்டச் சொல்லுங்கள், 700, 800 ஹெர்ட்ஸ் பக்கம் இரண்டு மூன்று டெசிபல் தூக்கச் சொல்லுங்கள். விரல் பேசுவது அங்கேதான். பேஸோடு மோதாமல் இருக்க, கீபோர்டுக்காரரிடம் இடது கையை ஒரு ஸ்தாயி மேலே வைக்கச் சொல்லுங்கள். இந்த மூன்றும் நடந்தால் கிடைக்கும் தெளிவு, லட்ச ரூபாய் கருவி வாங்கினாலும் தனியாகக் கிடைக்காது. பாடி எந்த மரம் என்ற வாக்குவாதமெல்லாம் இந்த ஸ்பீக்கர் வழியாக வெளியே வந்து சேர்வதில்லை.

நம்ப முடியாதவர்கள் இப்படிச் சோதிக்கலாம். இரண்டு பேஸிலும் ஒரே வகை ஸ்ட்ரிங், ஒரே டி.ஐ., ஒரே ஆள், ஒரே வரி. வாசிப்பவர் திரைக்குப் பின்னால் இருக்கட்டும். மிக்ஸர் மீட்டரைப் பார்த்து இரண்டின் சத்த அளவையும் கட்டாயம் சமமாக்க வேண்டும். ஒரு டெசிபல் கூடினாலே அதுதான் நல்ல பேஸ் என்று காது சொல்லிவிடும். பத்துத் தடவை மாற்றி மாற்றி வாசித்து, எது எது என்று கேட்பவர்களை எழுதச் சொல்லுங்கள்.

விலை குறைந்த பேஸ் மீது வரும் புகார்களில் பாதி, செட்டப், அதாவது வாசிக்க ஏற்றபடி சரிசெய்வது, இல்லாததால் வருவது. கடையிலிருந்து வந்த பெட்டியைப் பிரித்து அப்படியே வாசிக்கிறோம். வரிசை முக்கியம்: முதலில் புது ஸ்ட்ரிங் போட்டு சுருதி சேர்க்க வேண்டும், பிறகு நெக், பிறகு ஸ்ட்ரிங்கின் உயரம், கடைசியில் இன்டொனேஷன் (எல்லா ஃப்ரெட்டிலும் சுருதி சரியாக விழுவது). ஸ்ட்ரிங்கின் நுனியை வெட்டுவதற்கு முன் பிளையரால் 90 டிகிரி மடக்குங்கள். மடக்காமல் வெட்டினால் மேல்சுற்று வழுக்கி, புது ஸ்ட்ரிங்கே செத்த சத்தம் தரும். நெக் பார்க்க, ஈ ஸ்ட்ரிங்கை முதல் ஃப்ரெட்டிலும் நெக் பாடியில் சேரும் இடத்திலும் அழுத்துங்கள். ஏழாவது, எட்டாவது ஃப்ரெட் பக்கம் ஸ்ட்ரிங்குக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர் இருக்க வேண்டும்; ஒரு விசிட்டிங் கார்டு உரசிக்கொண்டு நுழையும். இடைவெளி அதிகம் என்றால் நெக்குக்குள் ஓடும் கம்பியான ட்ரஸ் ராடை வலப்பக்கம் (கடிகாரச் சுற்றில்) திருப்ப வேண்டும், குறைவென்றால் இடப்பக்கம். கால் சுற்றுதான், அதற்கு மேல் ஒரே தடவையில் போகக் கூடாது. சுருதியை மறுபடி சேர்த்து, கொஞ்ச நேரம் விட்டு, திரும்ப அளக்க வேண்டும். இறுகி நின்றால் நிறுத்திவிடுங்கள். இங்கே ராடைத் திருப்பும் ஆலன் கீதான் பெரிய எதிரி. அமெரிக்கக் கருவிக்கு இஞ்சு, மற்றவை பெரும்பாலும் மில்லிமீட்டர். "கிட்டத்தட்டப் பொருந்துது" என்று மாற்றிப் போட்டால் நட்டின் உள்முனை மழுங்கிவிடும், அப்புறம் நெக்கையே மாற்ற வேண்டி வரலாம்.

பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் ஈ ஸ்ட்ரிங்குக்கு 2.5 மில்லிமீட்டர் உயரம், மெல்லிய ஜி ஸ்ட்ரிங்குக்கு 2 என்று சேடிலை (பிரிட்ஜில் ஸ்ட்ரிங் உட்காரும் துண்டு) வையுங்கள். ஓங்கி அடிப்பவர்கள் அரை மில்லிமீட்டர் கூட்டிக்கொள்ளலாம். முதல் நாலைந்து ஃப்ரெட்டில் கரகரவென்றால் நெக் நேராகிவிட்டது என்று அர்த்தம். பன்னிரண்டுக்கு மேலே மட்டும் கரகரத்தால் வளைவு கூடியிருக்கலாம். இன்டொனேஷனுக்கு, பன்னிரண்டில் ஹார்மோனிக்கையும் (ஸ்ட்ரிங்கை அழுத்தாமல் தொட்டு எழுப்பும் சுரம்) அழுத்திய சுரத்தையும் ட்யூனரில் ஒப்பிடுங்கள். அழுத்தியது ஏறி நின்றால் சேடிலைப் பின்னால் தள்ளவும், இறங்கி நின்றால் முன்னால் கொண்டுவரவும். ஐப்பசி மழையிலும் சித்திரை வெயிலிலும் மரம் ஒரே மாதிரி நிற்காது, ஆகவே வருடத்துக்கு இரண்டு தடவையாவது இதைப் பார்க்க வேண்டும். உவரி, திருச்செந்தூர் மாதிரி கடலோர ஊர்க்காரர்கள் வாசித்து முடித்ததும் உலர்ந்த வேட்டித் துணியால் ஸ்ட்ரிங்கை மேலும் அடியிலும் துடைத்துவிடுங்கள். உப்புக் காற்றும் வியர்வையும் சேர்ந்தால் சீக்கிரமே துரு ஏறிவிடும்.

காசு உண்மையாகவே பேசும் இடங்களும் உண்டு. சுருதிக் குமிழ்கள் நழுவாமல் நிற்பது, ஃப்ரெட் முனை கையைக் கீறாமல் இருப்பது, எல்லா ஃப்ரெட்டும் ஒரே மட்டத்தில் இருப்பது, நெக் அடிக்கடி நகராமல் இருப்பது. அஞ்சு ஸ்ட்ரிங் பேஸில் இது இன்னும் பளிச்சென்று தெரியும்: கீழ் பி ஸ்ட்ரிங் 31 ஹெர்ட்ஸ், மலிவான அஞ்சு ஸ்ட்ரிங்கில் அது பாய் மாதிரி தொளதொளக்கும். பட்ஜெட் குறைவு என்றால் நல்ல நாலு ஸ்ட்ரிங் வாங்குவதே சரி. விற்கும்போது பெரிய பெயருக்கு நல்ல விலை கிடைக்கும் என்பதும் உண்மை. ஆனால் ஜி ஸ்ட்ரிங்கில் அஞ்சாவது முதல் ஏழாவது ஃப்ரெட்டுக்குள் ஒரு சுரம் சட்டென்று அடங்கிப்போகும் குறை விலை உயர்ந்த ஃபெண்டரிலும் வரும். செகண்ட் ஹேண்டு வாங்கும்போது அங்கே ஒவ்வொரு சுரமாகப் பிடித்து எண்ணிப் பாருங்கள். 20,000 ரூபாய் கையில் இருந்தால் மொத்தத்தையும் பேஸில் போடாதீர்கள். 14, 15 ஆயிரத்துக்கு பேஸ், மிச்சத்தில் டி.ஐ., நல்ல கேபிள், ஒரு செட் ஸ்ட்ரிங், மூணு இஞ்சு அகல ஸ்ட்ராப்.

இரைச்சல் பற்றி ஒன்று. ஜாஸ் பேஸில் இரண்டு பிக்கப்பின் வால்யூமையும் முழுதாகத் திறந்தால் இரைச்சல் அடங்கும், ஒன்றைக் குறைத்தால் எழும்பும். இரண்டு பிக்கப்பும் எதிரெதிராகச் சுற்றப்பட்டிருப்பதால் வருவது அது, கருவியின் கோளாறு இல்லை. பிரிசிஷனின் இரட்டைத் துண்டு பிக்கப்பில் அந்த இரைச்சல் தானாகவே அடங்கிவிடும். ஆனால் இரைச்சலை நிறுத்துவதற்காக ஆம்ப் பிளக்கின் தடித்த எர்த் பின்னைக் கழற்றிவிடும் பழக்கம் இருக்கிறதே, அதை யாரும் செய்ய வேண்டாம். பேஸின் ஸ்ட்ரிங் எல்லாம் பிரிட்ஜ் வழியாக எர்த்தோடு சேர்ந்தவை. கொடை மேடைகளில் ஆம்புக்கு ஈ.பி. லைனும் மைக் செட்டுக்கு ஜெனரேட்டருமாக இருந்தால், ஸ்ட்ரிங்கில் கையும் மைக்கில் உதடுமாக நிற்பவர் உடம்பு வழியாகக் கரண்டு பாயலாம். இரண்டையும் ஒரே போர்டிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். தரை ஈரமாக இருந்தால் செருப்போடு நில்லுங்கள். வாசிக்கத் தொடங்குமுன் மல்டிமீட்டரை 750 வோல்ட் ஏ.சி.யில் வைத்து ஒரு முனையை ஸ்ட்ரிங்கிலும் மறுமுனையை மைக்கின் கம்பி வலையிலும் தொட்டுப் பாருங்கள். எண் பத்து, இருபது என்று ஏறினால், பாடுகிறவரைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.