மூன்றுக்குப் பூஜ்யம்

நேற்று பழைய மூணாறு மைதானத்தில் எங்கள் எஸ்டேட் கால்பந்து அணி மூன்று கோல் வாங்கித் தோற்றது. பதிலுக்கு ஒன்றுகூட இல்லை. இந்தப் போட்டியில் ஜெயித்தால் கிடைக்கும் வெள்ளைக்காரர் காலத்து ஃபின்லே ஷீல்டு ஒருமுறையாவது எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு வரவேண்டும் என்பது அரைக்கால்சட்டை வயதிலிருந்தே என் ஆசை. முதல் பாதி முழுக்க மூடுபனி, எதிர்க் கோல் கம்பமே தெரியவில்லை. இரண்டாம் பாதியில் பனி விலகியது. எங்கள் ஆட்டம் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த சித்தப்பாவுக்கு எப்போதும் தேர்தல்தான். 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் இளையராஜாவின் அண்ணன் பாவலர் வரதராசன் பாடியே கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸை ஜெயிக்கவைத்தார் என்று நேரில் பார்த்ததுபோலச் சொல்வார் (அப்போது இவர் பிறக்கவேயில்லை). நான் 2015ஐ எடுத்தேன். கொழுந்து பறிக்கும் பெண்கள் சங்கத் தலைவர்களை அண்டவிடாமல் போனஸுக்காகச் சாலையில் உட்கார்ந்தார்களே, அதில் அம்மாவும் இருந்தார். சித்தப்பா உடனே கோல்கீப்பரைத் திட்ட ஆரம்பித்துவிட்டார்.

இடைவேளையில் ஒரு கட்சிக்காரர் வந்து, எங்கள் எஸ்டேட் மைதானத்தைச் சமப்படுத்தித் தருவதாகக் கைகூப்பினார். போன தேர்தலிலும் இதே கும்பிடுதான். மைதானம் இன்னும் சரிவாகவே கிடக்கிறது. பந்து உருண்டால் தேயிலைக்குள் போய்த் தேட வேண்டும். சரிவில் ஆடிப் பழகிய பையன்களுக்குச் சமதளத்தில் கால் வரவில்லை என்பது என் கட்சி. சித்தப்பா ஒப்புக்கொள்ளவில்லை, கோல்கீப்பர் எதிர்க்கட்சிக் குடும்பமாம்.

அடுத்த வருடமும் போவேன். ஜீப்பில் அவருக்கும் இடம் சொல்லியாகிவிட்டது.