பியானோ முடியட்டும், பிறகு கைதட்டலாம்

ஜெர்மனில் 'லீட்' என்றால் பாட்டு, பன்மையில் 'லீடர்'. 'லீடர் கச்சேரி' என்று போட்டிருந்தால் எந்தத் தலைவர் வருகிறார் என்று தேட வேண்டாம். கவிதைகளுக்கு இசையமைத்த பாட்டுகள்தான்: ஒரு குரல், ஒரு பியானோ, மைக் கிடையாது. பெரிய அரங்கம் இதற்குச் சரிப்படாது. லண்டன் விக்மோர் ஹால் அளவு போதும். பெக்ஸ்டைன் பியானோ கம்பெனி தன் ஷோரூமுக்குப் பக்கத்திலேயே 1901-இல் திறந்த அரங்கம் அது. சுமார் 550 இருக்கைகள்.

முதல் வரிசை டிக்கெட்டுக்கு அலைய வேண்டாம். அங்கே உட்கார்ந்தால் குரல் நேராக முகத்தில் அடிக்கும், பியானோ தலைக்கு மேலே போய்விடும். நடுவில், கொஞ்சம் இடது பக்கமாக உட்கார்ந்தால் வாசிப்பவரின் கைகளும் தெரியும். கைகள் தெரிவது முக்கியம். ஏன் என்று கீழே வருகிறது.

நிகழ்ச்சிப் புத்தகத்தில் மூலக் கவிதையும் மொழிபெயர்ப்பும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். அதைக் கச்சேரி நடக்கும்போது வரி வரியாகப் படிக்காதீர்கள். கவிதைகளை வீட்டிலேயே படித்து, யார் யாரிடம் பேசுகிறார், எந்த இடத்தில் மனம் மாறுகிறது என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு வந்தால் போதும். இன்னொரு சங்கடமும் உண்டு: பாட்டின் கடைசி வரி பக்கத்தின் அடியில் இருந்தால், குரல் நின்றதுமே நூறு பேர் ஒன்றாகத் தாளைப் புரட்டுவார்கள். பியானோ மட்டும் மெல்ல வாசித்துக்கொண்டிருக்கும் நேரம் அது. சரசரப்பில் எல்லாம் போச்சு.

ஷூபர்ட் 1814-இல், பதினேழு வயதில், கோதேயின் வரிகளுக்கு இசையமைத்த 'ராட்டையருகே க்ரெட்சன்' பாட்டைப் பாருங்கள். பியானோவில் வலது கை ஓயாமல் சுழலும் ராட்டைச் சக்கரம், இடது கை அதன் கால்மிதி. காதலனைப் பற்றி ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டே வந்த க்ரெட்சன் 'அவன் முத்தம்!' என்று சொல்லும்போது சக்கரம் நின்றுவிடுகிறது. அப்புறம் பியானோ ஒரு சுற்று சுற்றிப் பார்க்கிறது, தயங்குகிறது, மறுபடி முயல்கிறது, பிறகுதான் ஓட்டம் பிடிக்கிறது. அவள் தன்னிலைக்குத் திரும்புவதைச் சொல்ல ஒரு வார்த்தைகூட இல்லை, எல்லாம் விரல்களில்தான். கண்ணைப் புத்தகத்தில் வைத்திருந்தால் இது தப்பிவிடும்.

ஷூமன் இன்னும் விடாப்பிடி. ஹைனேயின் கவிதைகளுக்கு 1840-இல் அவர் அமைத்த 'கவிஞனின் காதல்' பதினாறு பாட்டுகள் கொண்ட தொகுதி. முதல் பாட்டு, ஆதார சுருதிக்கு வந்து சேராத ஒரு கார்டில் (ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) தொங்கிக்கொண்டே நின்றுவிடும்; பேசிக்கொண்டிருந்தவர் 'ஆனா...' என்று இழுத்துவிட்டு நிறுத்தியதுபோல. அங்கே தட்டினால் இரண்டாவது பாட்டு அடிபடும். பதினாறாவதில் பாடகர் முடித்துவிட்டுச் சும்மா நிற்பார். பன்னிரண்டாவது பாட்டின் முடிவில் வந்த இசையைப் பியானோ திரும்ப எடுத்து நிதானமாக வாசித்து முடிக்கும். அதுவும் பாட்டுதான்.

தனித்தனிப் பாட்டுகள் என்றால் ஒரு குழு முடிந்ததும் தட்டலாம், தொகுதி என்றால் கடைசியில்தான். சந்தேகம் வந்தால் பியானோ வாசிப்பவரைப் பாருங்கள். விரல் எடுத்த பிறகும் பெடலில் கால் இருக்கும்வரை கம்பிகள் ஒலித்துக்கொண்டிருக்கும். கைகள் மடிக்கு வரட்டும்.

ஷூபர்ட்டின் 'குளிர்காலப் பயணம்' உயர்ந்த ஆண்குரலுக்காக எழுதப்பட்டது. தாழ்ந்த குரல்காரர்கள் சுருதியை இறக்கித்தான் பாடுவார்கள். நிறம் இருண்டு அழகாகத்தான் இருக்கும். ஆனால் இடது கை கார்டுகள் அடித்தட்டில் போய் ஒன்றோடொன்று கலங்கும். வாசிப்பவர் பெடலைச் சிக்கனமாக மிதிக்காவிட்டால் குழம்பிப்போகும். பியானோவின் மூடியைப் பாதி திறந்து வைப்பது மட்டும் இதற்குத் தீர்வாகாது.

அந்தத் தொகுதியில் 24 பாட்டுகள், எழுபது நிமிடத்துக்கு மேல், வழக்கமாக இடைவேளையே இல்லாமல். விக்மோர் ஹால் பாண்ட் ஸ்ட்ரீட் ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம்தான், ஆனாலும் முன்கூட்டியே கிளம்புங்கள். கதவு மூடிவிட்டால் முழுப் பயணத்தையும் வெளியே நின்று கேட்க வேண்டிவரலாம்.