ஜெல்லில் காணாமல் போன பட்டை

வேர் முடிச்சு பாக்டீரியாக்களோடு வேலை செய்யத் தொடங்கிய புதிதில், ரைசோபியம் என்றாலே முடிச்சு போடும், காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குத் தரும், அது அதன் பிறவிக்குணம் என்று நினைத்திருந்தேன். அந்த எண்ணம் ரைசோபியம் இட்ட ஒரு வரிசை பீன்ஸ் நாற்றுகளோடு போனது.

நான்கு வாரம் ஆகியும் அவை மஞ்சளாகவே நின்றன. வேரைக் கழுவிப் பார்த்தேன். மருந்துக்குக்கூட ஒரு முடிச்சு இல்லை. ஒப்பீட்டுக்காக வேறொரு ஸ்ட்ரெய்ன், அதாவது அதே பாக்டீரியாவின் இன்னொரு வகை, இட்ட தொட்டியில் இலைகள் கரும்பச்சை. அங்கிருந்து ஒரு முடிச்சை எடுத்து நகத்தால் கீறினேன், உள்ளே இளஞ்சிவப்பு. முடிச்சுக்குள் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும் லெக்ஹீமோகுளோபின் என்ற புரதத்தின் நிறம் அது. உள்ளே வேலை நடக்கிறது என்று அர்த்தம்.

நான் வளர்த்துவந்த பாக்டீரியாக் கல்ச்சரில் வேறேதோ கலந்துவிட்டது என்றுதான் முதலில் சந்தேகப்பட்டேன். ஆனால் தட்டில் அதே பிசுபிசுத்த காலனிகள், 28 டிகிரியில் அதே வளர்ச்சி. சரி, குரோமோசோமுக்கு வெளியே தனியாக இருக்கும் டிஎன்ஏ வளையங்களான பிளாஸ்மிட்களைப் பார்த்துவிடலாம் என்று, அவற்றை அளவுவாரியாகப் பிரித்துப் பட்டைகளாகக் காட்டும் எக்கார்ட் ஜெல் ஓட்டினோம். இதில் செல்களை ஜெல்லின் குழிக்குள்ளேயே மெல்ல உடைக்க வேண்டும். பிப்பெட்டால் நாலு முறை இழுத்துவிட்டால் பெரிய பிளாஸ்மிட்கள் அறுந்துபோகும். இரவு முழுக்க ஓடிய ஜெல்லைக் காலையில் புற ஊதா ஒளியில் வைத்தபோது மற்ற பட்டைகள் எல்லாம் இருந்தன. முடிச்சு போடும் மரபணுக்களைச் சுமக்கும் கூட்டுவாழ்வு பிளாஸ்மிட் இருக்க வேண்டிய இடம் மட்டும் வெறுமையாகக் கிடந்தது.

தவறு என்னுடையது. மாதக்கணக்கில் உறைநிலைக் கல்ச்சரைத் தொடாமல், ஒரு குழாயிலிருந்து அடுத்த குழாய்க்கு மாற்றிக்கொண்டே இருந்தேன். நடுவில் இன்குபேட்டர் சில நாள் கூடுதலாகச் சூடேறியும் இருந்தது. சூட்டில் இந்தப் பிளாஸ்மிட்கள் உதிர்வது இத்துறையில் தெரிந்த விஷயம்தான். யோசித்தால், தட்டில் செடி ஏது? பீன்ஸில் முடிச்சு போடும் ரைசோபியம் எட்லியின் கூட்டுவாழ்வு பிளாஸ்மிட்டில் சுமார் 3,71,000 கார இணைகள். ஒவ்வொரு பிரிவிலும் அத்தனையையும் நகலெடுப்பது, செடி இல்லாத இடத்தில் வெறும் சுமை. மண்ணிலும் முடிச்சு போடத் தெரியாத ரைசோபியங்கள் ஏராளம்.

அதன் பிறகுதான் இந்தப் பிளாஸ்மிட்களின் வரலாற்றைக் கவனித்துப் படித்தேன். முடிச்சு போடும் திறன் ஒரு ஸ்ட்ரெய்னிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் என்பது 1978லேயே தெரிந்துவிட்டது. 1997ல் என்ஜிஆர்234 என்ற ரைசோபிய ஸ்ட்ரெய்னின் கூட்டுவாழ்வு பிளாஸ்மிட்டை முழுதாக வாசித்தபோது, முடிச்சு போடவைக்கும் நாட், நைட்ரஜனை நிலைநிறுத்தும் நிஃப் மரபணுக்களுக்கு இடையே தாவும் மரபணுத் துண்டுகள் நிறையச் சிதறிக்கிடந்தன. பல இடங்களிலிருந்து சேர்ந்து தைத்த துணி மாதிரி. எட்லியின் பிளாஸ்மிட்டால் தனியே வேறு செல்லுக்குப் போக முடியாது. பக்கத்திலுள்ள இன்னொரு பிளாஸ்மிட்டோடு இணைந்துதான் போகும். இப்படித் தொற்றிக்கொண்டு போகும் ஒன்றைச் 'சொந்தக் குணம்' என்று எப்படிச் சொல்வது?

ஆனால் பிளாஸ்மிட் வந்து சேர்ந்தால் மட்டும் போதாது. என்னை அதிகம் யோசிக்க வைத்தது பிரான்சில் நடந்த ஒரு சோதனை. செடிகளில் வாடல் நோய் உண்டாக்கும் ரால்ஸ்டோனியா என்ற பாக்டீரியத்துக்குள், தொட்டாற்சிணுங்கியில் முடிச்சு போடும் ஒரு பாக்டீரியத்தின் கூட்டுவாழ்வு பிளாஸ்மிட்டைச் செலுத்தினார்கள். முதலில் முடிச்சே இல்லை. செடியில் வைத்துத் தேடியபோது, முடிச்சு போடும் சில வகைகள் கிடைத்தன. நோய்த் தாக்குதலுக்கான மரபணுக்களில் ஒரு மாற்றம் வந்து அந்தத் தாக்குதல் அடங்கியதுதான் வழி திறந்தது. 2010ல் வெளிவந்த முடிவு இது. அந்த முடிச்சுகள் நைட்ரஜனை நிலைநிறுத்தவில்லை. அதாவது, பிளாஸ்மிட் கொண்டுவருவது திறனின் ஒரு பாதி. அதைத் தாங்கும் செல்லும் மாற வேண்டும், அந்த மாற்றத்தைச் செடி தேர்ந்தெடுக்கிறது. அதே பிளாஸ்மிட்டில் மாறுதல் வேகத்தைக் கூட்டும் மரபணுக்களும் இருப்பதாகப் பின்னர் கண்டுபிடித்தார்கள். புதிய வீட்டுக்குப் போகும்போதே அதற்கான கருவியையும் அது எடுத்துப் போகிறது என்று படித்த அன்று வெகுநேரம் வேறு வேலை ஓடவில்லை.

இப்போது மாதம் ஒருமுறை உறைநிலைக் குழாயிலிருந்து புதிதாக எடுக்கிறேன். எந்தச் சோதனை தொடங்கும் முன்பும் கூட்டுவாழ்வு பிளாஸ்மிட் இருக்கிறதா என்று பார்க்க ஜெல்லில் ஒரு தடத்தை ஒதுக்குகிறேன். பிளாஸ்மிட்டை இழந்த அந்தக் கல்ச்சரையும் வீசவில்லை. கூட்டுவாழ்வு பிளாஸ்மிட் இல்லாத ரைசோபியம் எப்படி இருக்கும் என்று பார்க்க இதைவிட நல்ல ஒப்பீடு கிடைக்காது. குழாயின் மேல் ஸ்ட்ரெய்ன் பெயருக்குப் பக்கத்தில் 'பிளாஸ்மிட் இல்லை' என்று எழுதி -80 டிகிரியில் வைத்திருக்கிறேன்.