சானலில் விட்ட பூவரசம் பூ

பதினொன்றாம் வகுப்பு அரைப் பரீட்சையில் ஒரு இரண்டு மார்க் கேள்வி. உடம்பில் இரத்தம் எங்கே மிக வேகமாக ஓடும்? நான் 'தந்துகிகளில்' என்று எழுதி, 'மிகக் குறுகிய குழாய் என்பதால்' என்று காரணமும் சேர்த்திருந்தேன். ஹோஸ் வாயைக் கட்டைவிரலால் பொத்தினால் தண்ணீர் சீறிக்கொண்டு வருகிறதே, அந்தத் தைரியம். பிசிக்ஸ் சார் போட்டது முட்டை. நான் விடவில்லை, வகுப்பிலேயே வழக்காடினேன். "சனிக்கிழமை சானல்கரைக்கு வா மக்களே, பாத்துக்கலாம்" என்றார்.

பள்ளிக்குப் பின்னால் ஓடும் சானலை, அந்தப் பாசனக் கால்வாயை, அங்கே படித்த நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். பேச்சிப்பாறை அணைத் தண்ணீர். சார் ஒரு பூவரசம் பூவைப் பறித்துத் தண்ணீரில் போட்டார். கரையோடு ஓடினால்தான் அதைப் பிடிக்க முடிந்தது. அப்புறம் மடையைத் தாண்டி ஏலாவுக்குள், அதாவது வயல்வெளிக்குள், கூட்டிப்போனார். அங்கே தண்ணீர் பத்துப் பதினைந்து சிறு வாய்க்காலாகப் பிரிந்திருந்தது, எதுவும் ஒரு முழம் அகலம்கூட இராது. அதில் போட்ட பூ, போவதா வேண்டாமா என்று யோசிப்பதுபோல நகர்ந்தது. "சின்ன வாய்க்கால்தானே, ஏன் சீறல?" என்று கேட்டார். நான் தலையைச் சொறிந்தேன். "எல்லாத்தையும் சேத்து அளந்து பாரு. சானலைவிட அகலம். நீ ஹோஸ்ல பொத்துனது ஒத்தை வாயை."

திங்களன்று கரும்பலகையில் கணக்கு வந்தது. இதயம் நிமிடத்துக்கு 5 லிட்டர் தள்ளுகிறது. பெருந்தமனியின் விட்டம் 2.5 செ.மீ. என்றால், அதில் இரத்தம் சராசரியாக விநாடிக்கு 17 செ.மீ. போகும். தந்துகிகளோ தனித்தனியே முடியைவிட மிக மெல்லியவை. சிவப்பணு உடம்பை வளைத்து நுழையும் அளவுக்குக் குறுகல். ஆனால் அத்தனையின் குறுக்குப் பரப்பையும் கூட்டினால் ஏறக்குறைய 2,500 சதுர செ.மீ. அதே 5 லிட்டர் அங்கே விநாடிக்கு ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குதான் நகர்கிறது. வயல் நனைய வேண்டுமானால் தண்ணீர் நின்று போகத்தானே வேண்டும்? ஆக்சிஜன் இறங்குவதற்கும் அந்த நிதானம் தேவை.

அதோடு விட்டாரா? பாய்சொய் என்ற பிரெஞ்சு மருத்துவரின் விதியையும் அன்றே நடத்தினார். குழாயின் ஆரம் பாதியானால், அழுத்தம் மாறாதபோது, ஓட்டம் பாதியாகாது, பதினாறில் ஒன்றாகும். ஆரம் ஐந்தில் ஒரு பங்கு கூடினாலே ஓட்டம் இரண்டு மடங்கு. தந்துகிகளுக்கு முன்னால் இருக்கும் நுண்தமனிகள்தான் உடம்பின் மடைகள். கொஞ்சம் தளர்ந்தால் போதும், சோறு தின்றதும் குடல் பக்கம் இரத்தம் திரும்பிவிடும். பதநீரைக் காய்ச்சிய பாகான கூப்பனி, காய்ச்சாத அக்கானியைப்போல ஓடுமா என்று கேட்டு, திரவம் ஓட மறுக்கும் தன்மையான பாகுநிலையையும் ஒரே வரியில் முடித்தார். இரத்தம் வெறும் தண்ணீர் அல்ல, நாளமும் இரும்புக் குழாய் அல்ல, அதனால் விதி அப்படியே பொருந்தாது என்று சொல்லவும் மறக்கவில்லை. அந்தக் கடைசி எச்சரிக்கைதான் அவரிடம் எனக்கு மிகவும் பிடித்தது.

நான் இப்போது அபுதாபியில் ஏசி குழாய் வேலை பார்க்கிறேன். ஒரு பெரிய பைப்பிலிருந்து இருபது கிளை பிரிக்கும்போது புதுப் பையன்கள், "சின்ன பைப்ல வேகம் கூடும்லா அண்ணாச்சி?" என்று கேட்பார்கள். கூட்டிப் பாரு என்பேன்.

போன லீவுக்கு ஊருக்குப் போனபோது சாரைப் பார்த்தேன். கால்வீக்கம்; முக்காலியில் காலைத் தூக்கி வைத்திருந்தார். நிற்கும்போது இதயத்திலிருந்து கணுக்கால் வரையுள்ள இரத்தத்தின் எடை முழுதும் அங்கேதான் அழுத்தும் என்று அதற்கும் ஒரு பாடம். அந்த ஏலாவில் இப்போது பாதி வாழை, பாதி வீடு. கிளம்பும்போது, "அந்த ரெண்டு மார்க்கை இப்பவாவது போடுங்க சார்" என்றேன்.

"தப்பு தப்புதானே மக்களே" என்றார்.