விஸ்டீரியா லேனில் கடைசி நாட்கள்

மே 9, 2025, வெள்ளி

'டெஸ்பரேட் ஹவுஸ்வைவ்ஸ்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில், எட்டாவது பருவத்தின் கடைசி இரண்டு பகுதிகள்தான் மிச்சம். மொத்தம் 180 பகுதிகள். விஸ்டீரியா லேன் என்ற தெருவில் வாழும் ப்ரீ, கேபி, லினெட், சூசன் என்ற நான்கு தோழிகளின் கதை. 2004-இல் தொடங்கியபோது பார்த்தது. பாதியில் விட்டு, இப்போது மறுபடியும் முதலிலிருந்து வந்திருக்கிறேன். முடித்துவிட மனம் வரவில்லை. இன்று துணி மடித்தேன், சீக்கிரம் படுத்துவிட்டேன்.

மே 10, சனி

பொறுக்க முடியவில்லை, கடைசிக்கு முந்தையதைப் பார்த்துவிட்டேன். கேபியைச் சிறுவயதில் சீரழித்த வளர்ப்புத் தந்தையை அவள் கணவன் கார்லோஸ் அடித்துக் கொன்றது ஏழாவது பருவத்தின் முடிவில். நான்கு தோழிகளும் சேர்ந்து பிணத்தைக் காட்டில் புதைத்தார்கள். இப்போது ப்ரீ மட்டும் குற்றவாளிக் கூண்டில். யார் காப்பாற்றப் போகிறார்கள் என்று பார்த்தால், பக்கத்து வீட்டு கேரன் மெக்லஸ்கி நீதிமன்றத்துக்கு வந்து, "நான்தான் கொன்றேன்" என்று பொய் சொல்கிறார். நுரையீரல் புற்றுநோய் முற்றிய கிழவி. அவர் மீது யார் வழக்குப் போடப் போகிறார்கள்?

அக்காவிடம் தொலைபேசியில் சொன்னேன். அவள் ப்ரீயின் கட்சி. "நல்ல முடிவுதானே" என்கிறாள். எனக்கு எரிச்சல். நான்கு பேரும் செய்ததன் கணக்கை, சாகப்போகிற ஒருத்தர் தலையில் எழுதிவிட்டு, கதை கையைக் கழுவிக்கொள்கிறது. கார்லோஸ் வாயைத் திறந்திருக்க வேண்டாமா?

ஆனாலும் அந்தப் பொய் கேரனுக்குப் பொருந்துகிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மூன்றாவது பருவத்தில், இறந்துபோன கணவரின் உடலை உறைபெட்டியில் ஒளித்து வைத்திருந்தவர் அவர்தான். ஓய்வூதியம் கைவிட்டுப் போய்விடும் என்ற பயம்! பிணத்தைப் பற்றி அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மே 13, செவ்வாய்

கடைசிப் பகுதி. அமெரிக்காவில் ஒளிபரப்பானதும் இதே தேதிதான், 2012. தெரிந்தே இன்றைக்கு வைத்துக்கொண்டேன்.

அதே தெரு ரெனேயின் கல்யாணம், சூசன் மகள் ஜூலியின் பிரசவம், ஆளுக்கொரு ஊருக்குக் கிளம்புவது எல்லாம் அவசரமாகக் கட்டிய மூட்டை. லினெட் நியூயார்க், ப்ரீ கென்டக்கி. சட்டமன்றம் வரை போகிறாளாம். ஒரே நிமிடத்தில் சொல்லி முடித்துவிட்டார்கள்.

கேரனிடம் மட்டும் அவசரமில்லை. மருத்துவமனை வேண்டாம், என் வீட்டிலேயே சாகிறேன் என்கிறார். தோழிகள் முறை வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். இசைத்தட்டில் ஜானி மாத்திஸ் பாடிக்கொண்டிருக்க, இந்தப் பக்கம் அவர் கண் மூடுகிறார், அந்தப் பக்கம் குழந்தை பிறக்கிறது. சாவையும் பிறப்பையும் ஒட்டவைப்பது பழைய தந்திரம். தெரிந்தும் அழுதேன்.

பிறகு சூசன் காரில் தெருவை விட்டுப் போகும்போது, அங்கே இறந்தவர்களெல்லாம் வெள்ளை உடையில் நின்று பார்க்கிறார்கள். சூசனின் கணவன் மைக் இருக்கிறான். கேரனும் அதற்குள் வந்துவிட்டார். யுனிவர்சல் ஸ்டூடியோவில் நிற்கும் செட்தான் அது. ஆனாலும் எட்டு வருடத்தில் எத்தனை சாவு கண்ட தெரு!

சாமான் தூக்கும் ஆட்களில் ஒருவராகத் தொடரை உருவாக்கிய மார்க் செர்ரியே வருகிறாராம். நான் கவனிக்கவில்லை. திருப்பிப் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஜூன் 2, திங்கள்

கேரனாக நடித்த கேத்ரின் ஜூஸ்டன், கடைசிப் பகுதி ஒளிபரப்பான இருபதாம் நாள், 2012 ஜூன் 2 அன்று இறந்தார். அவருக்கும் நுரையீரல் புற்றுநோய்தான். வயது 72. செவிலியராக இருந்தவர், நாற்பதைத் தாண்டித்தான் நடிக்க வந்தார். இந்த ஒரே பாத்திரத்துக்கு இரண்டு எம்மி விருது.

அக்காவுக்கு இது தெரியாது. சொன்னதும் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "அந்த நீதிமன்றக் காட்சியில் குரல் கரகரத்ததே, அது நடிப்பா?" என்றாள்.

ராத்திரி அந்த இசைத்தட்டுக் காட்சியை மறுபடியும் போட்டேன். பாட்டு முடிவதற்குள் நிறுத்திவிட்டேன். மார்க் செர்ரியை இன்னும் தேடவில்லை.