அரண்மனை இல்லாத அரண்மனைக்காரன் தெரு

சென்னை உயர் நீதிமன்ற மெட்ரோவிலிருந்து மேலே ஏறி வந்து, முதலில் கண்ணில் பட்ட டீக்கடையில் ஆர்மேனியன் தெருவுக்கு வழி கேட்டேன். கடைக்காரர் கண்ணாடி தம்ளரைக் கழுவிக்கொண்டே உதட்டைப் பிதுக்கினார். "அந்தோணியார் கோயில் இருக்குமே, அந்தத் தெரு" என்றதும் முகம் தெளிந்தது. "அரண்மனைக்காரன் தெருன்னு கேளு சார்!"

அங்கே எந்த அரண்மனையும் கிடையாது. ஆர்மேனியன் என்ற சொல் ஊர் வாயில் உருண்டு உருண்டு அரண்மனைக்காரன் ஆகிவிட்டது. ஆர்மேனியர்கள் வியாபாரத்துக்கு வந்து பெரும் பணம் பார்த்தவர்கள் என்பதால் பெயர் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

அன்று செவ்வாய்க்கிழமை. அந்தோணியார் கோயில் வாசலில் மெழுகுவத்தியும் பூமாலையுமாகக் கூட்டம் நெரிந்தது. பக்கத்திலேயே ஆர்மேனிய தேவாலயம். உள்ளே நானும் காவலாளியும் மட்டும். 1712இல் முதலில் கட்டி, 1772இல் இப்போதைய வடிவத்துக்கு வந்த கட்டடம். முற்றம் முழுக்கக் கல்லறைக் கற்கள்தான் தரை. கொக்கி கொக்கியான ஆர்மேனிய எழுத்து மழையில் தேய்ந்து கிடக்கிறது. எங்கே கால் வைப்பது என்று கூச்சமாக இருந்தது. ஷ்மவோனியன் என்ற பாதிரியாரின் கல்லறையும் இங்கே உண்டு. உலகத்திலேயே ஆர்மேனிய மொழியில் வந்த முதல் பத்திரிகையை, 'அஸ்தரார்', 1794இல் அவர் நடத்தியது இந்தச் சென்னைப் பட்டினத்தில்! படிக்க எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே நின்றேன். இன்று இங்கே ஆர்மேனியச் சமூகம் என்று ஒன்று இல்லை. ஆறு பெரிய மணிகளை மட்டும் ஞாயிறு காலை ஒன்பதரைக்கு அடிக்கிறார்களாம். செவ்வாயன்று போனது என் தப்பு.

இந்தப் பேட்டையே இடம் பெயர்ந்து வந்ததுதான். ஜார்ஜ் கோட்டையை ஒட்டி முதலில் இருந்த 'கறுப்பர் நகரம்' (உள்ளூர்க்காரர்கள் குடியிருந்த பகுதிக்கு வெள்ளைக்காரர்கள் வைத்த பெயர்), 18ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரெஞ்சுக்காரர்களோடு நடந்த சண்டைகளில் இடிபட்டது. பீரங்கி சுடக் கோட்டைக்கு முன்னால் வெட்டவெளி வேண்டுமாம். சென்னக்கேசவப் பெருமாள் கோயிலும் அதோடு போய், பின்னால் பூக்கடை என்ற பகுதியில் மறுபடி எழும்பியது. பழைய இடத்தில் இப்போது 1892இல் திறந்த உயர் நீதிமன்றம். வடக்கே தள்ளிப் போன ஊருக்கு, வேல்ஸ் இளவரசர் ஜார்ஜ் வந்துபோனதை ஒட்டி 1906இல் ஜார்ஜ் டவுன் என்று பெயர் வைத்தார்கள்.

அப்புறம் நடக்க நடக்க இதே கதைதான். பவழக்காரத் தெருவில் ஒரு காலத்தில் யூதர்கள் பவழம் விற்றார்கள்; இப்போது தேடினாலும் யூதர் கிடைக்கமாட்டார். தங்கசாலையில் நாணயம் அடித்தது போய், அந்தக் கட்டடம் அரசு அச்சகமானது. கொத்தவால் சாவடிக் காய்கறிச் சந்தை 1996இல் கோயம்பேட்டுக்குப் போய்விட்டது. ஆளும் தொழிலும் போனாலும் பெயரை மட்டும் ஊர் விடமாட்டேன் என்கிறது.

சௌகார்பேட்டையில் மார்வாடியும் குஜராத்தியும் தெலுங்கும் ஒரே மூச்சில் காதில் விழும். தங்கசாலைத் தெருவில் முறுக்கு சாண்ட்விச் வாங்கினேன். ரொட்டி கிடையாது, இரண்டு முறுக்குக்கு நடுவே பச்சைச் சட்னி, வெள்ளரி, தக்காளி, மேலே துருவின சீஸ். கடித்ததும் பாதி சட்டையில். நம் முறுக்கை இப்படிச் செய்துவிட்டார்களே என்று ஒரு நிமிடம் கோபம் வந்தது. இரண்டாவதும் வாங்கினேன்.

சாயங்காலம் பர்மா பஜார் பக்கம் இரண்டாவது கடற்கரைச் சாலைக்கு வந்தேன். 1962 ராணுவ ஆட்சிக்குப் பிறகு பர்மாவில் கடையும் நிலமும் பறிபோய்த் திரும்பிய தமிழர்களுக்காக உருவான பஜார் இது. இன்று கண்ணில் படுவதெல்லாம் செல்போனும் சார்ஜரும்தான். பர்மா மிச்சமிருப்பது தள்ளுவண்டியில். ஆரஞ்சு நிற நூடுல்ஸ், நறுக்கிய கோஸ், பொரித்த வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், பூண்டு எண்ணெய் எல்லாவற்றையும் கிண்ணத்தில் போட்டு, கையாலேயே பிசைந்து நீட்டினார் கடைக்கார இளைஞர். அத்தோ. கூடவே வாழைத்தண்டு சூப்.

"தம்பிக்கு ரங்கூனா?" என்றேன்.

"தாத்தாவுக்கு சார். நான் பொறந்தது வியாசர்பாடி. பர்மாவ பாத்ததே இல்ல. நீங்க போனா, அங்க அத்தோ இப்டித்தான் இருக்குமான்னு பாத்துட்டு வந்து சொல்லுங்க."

சரி என்றேன். கேட்காமலே இன்னொரு கரண்டி சூப் ஊற்றினார்.